இடது பின் மூலை

கண்டக்டரம்மா வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே இழுக்க அவளுக்குக் கை வேண்டியதில்லை, குரலே போதும். "ஏம்ப்பா, உங்கம்மா உன்னைப் பெத்தது கம்பியில காயப்போடவா? உள்ள வா!" என்று ஓர் அதட்டல் போட்டால், தொங்குகிறவன் மட்டுமல்ல, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவனும் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருவான்.

அப்படிப்பட்டவள், போர் முடிந்த இந்த மூன்று வருஷமாக ஒரு வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கவில்லை. வண்டியைக் கிளப்ப எந்தக் கண்டக்டரும் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சொல்கிற வார்த்தை: "போலாம், ரைட்!" அதற்குப் பதிலாக விசிலை இரண்டு தடவை ஊதுவாள். டிரைவருக்கு அது பழகிப்போயிற்று. பயணிகளுக்கு விசிலானால் என்ன, வார்த்தையானால் என்ன, வண்டி நகர்ந்தால் சரி. வீட்டில் விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான், அவளுடைய புருஷன். அவர் அதைப் பற்றிக் கேட்கிற நிலைமையில் இல்லை.

புருஷனை எல்லோரும் பெயிண்டர் என்பார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கிறவர் அல்ல, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஸ்கேல் வைக்காமல் பத்தடிக்கு நேர்கோடு இழுப்பார். இப்போது அதே வலது கையில் டீ டம்ளரைக் கொடுத்தால் பாதி டீ சட்டைக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக் கதவு காற்றில் அறைந்தால் அவர் தரையில் கிடப்பார். பிறகு எதையோ தேடி எடுக்கக் குனிந்தவர்போல மெல்ல எழுந்துகொள்வார். அந்த வீட்டில் ஜன்னல் இல்லாத அறை குளியலறை ஒன்றுதான். அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க உட்கார ஆரம்பித்தார்.

குளிக்கப் போகும்போது அவள் கதவைத் தட்டி, "சார், கடைசி ஸ்டாப் வந்தாச்சு, இறங்குங்க" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார். சில மாதம் கழித்துச் சிரிக்காமல் வந்தார். போன மாதம் ஒரு நாள் கதவைத் தட்டியும் வரவில்லை. அன்றுதான் அவள் முடிவு செய்தாள், இந்த மனுஷனை எப்பாடு பட்டாவது அந்த ஆஸ்பத்திரிக்குள் சேர்த்தே தீருவது என்று.

அந்த ஆஸ்பத்திரி போரில் இருந்தவர்களுக்கென்றே கட்டியது. எலும்புக்கும் தோலுக்கும் காதுக்கும் டாக்டர்கள் உண்டு. கூடவே மனசுக்கும், எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பேசிப் பேசிச் சரி செய்கிறவர்கள் உண்டு. ஆனால் கவுண்டரில் கொடுக்கிற படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: படைப்பிரிவு எண், தளபதி பெயர், ஆதாரம். பெயிண்டருக்கு மூன்றும் கிடையாது. அவர் சிப்பாய் இல்லை, ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்.

போர் வந்தபோது பஸ் ஓடவில்லை. கடையே திறக்காதபோது கடைக்குப் பெயர்ப்பலகை எதற்கு? ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். வண்டி நுழைய முடியாத சந்துகளிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வர ஆள் தேவை என்று சொன்னதும் நாலு பேர் போய் நின்றார்கள். கண்டக்டரம்மா, பெயிண்டர், அதே பள்ளியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த பி.டி. சார், பிறகு கண்டக்டரம்மாவின் ஒரே தம்பி. தம்பிக்கு வாட்ச் ரிப்பேர் கடை. ஒல்லி ஆள். ஒரு கண்ணைச் சுருக்கியே உலகத்தைப் பார்ப்பான்.

அங்கே பெயர் கேட்கக் கூடாது, பெயர் சொல்லவும் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. இன்றைக்கு இவர்கள் கையில் இருக்கும் தெரு நாளைக்கு அவர்கள் கையில் இருக்கும். யாருடைய சட்டைப்பையிலாவது ஒரு பட்டியல் சிக்கினால், பட்டியலில் இருக்கிற அத்தனை வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். ஆகவே பட்டியலே போடவில்லை. எல்லோரும் தொழிலைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு அதுதான் உயிரைக் காத்தது.

முதல் நாள் அவர்கள் தூக்கி வந்தவர் நல்ல கனமான மனிதர், தொடையில் காயம். இறக்கி வைத்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தக் குண்டே தேவலாம்" என்றார். அத்தனை குலுக்கல்.

தம்பி அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் சொன்னான்: "தப்பு எங்கேன்னு பாத்துட்டேன்க்கா. நாலு பேரும் ஒரே கால எடுத்து வெக்கிறோம். அதனால நாலு மூலையும் ஒண்ணா ஏறுது, ஒண்ணா இறங்குது. மேல கெடக்கிறவன் ஊஞ்சல்ல போறான். எதிரெதிர் மூலை ரெண்டு பேரும் இடது கால்ல ஆரம்பிக்கணும், மத்த ரெண்டு பேரும் வலது கால்ல. ஒருத்தர் ஏறும்போது ஒருத்தர் இறங்கினா நடுவுல அசையாது."

"அடப்பாவி," என்றார் பி.டி. சார். "இருபது வருஷமா பசங்கள கால ஒண்ணா வெக்கச் சொல்லி அடிச்சு வளத்திருக்கேன். இப்ப என்னையே மாத்தி வெக்கச் சொல்றியா?"

பள்ளி வராந்தாவில் வெறும் ஸ்ட்ரெச்சரின் நடுவில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துப் பழகினார்கள். முதலில் டம்ளரே விழுந்தது. பிறகு தண்ணீர் மட்டும் சிந்தியது. மூன்றாம் நாள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவசரத்தில் எந்தக் கால் என்று குழம்பாதிருக்க, முதலில் எடுத்து வைக்க வேண்டிய காலின் செருப்பு முனையில், தம்பிக்கு மட்டும் ஷூ முனையில், பெயிண்டர் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். வலது முன் மூலையில் நின்ற கண்டக்டரம்மாவுக்கும் இடது பின் மூலையில் நின்ற தம்பிக்கும் இடது கால். பெயிண்டருக்கும் பி.டி. சாருக்கும் வலது.

யார் குரல் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது தம்பிதான் சொன்னான்: "அக்கா சொல்லட்டும். அவ சொன்னா பஸ்ஸே நகருது, நாம நகர மாட்டோமா?"

அப்படித்தான் அவளுடைய வார்த்தை பஸ்ஸிலிருந்து சந்துக்கு வந்தது. போலாம், ரைட்.

ஒன்பது மாதம் தூக்கினார்கள். ஒன்பதாவது மாதத்தில் ஒரு மத்தியானம், ஒரு மரக்கடைச் சந்தில், ஆளை ஏற்றி எல்லோரும் கைப்பிடியைப் பிடித்தாகிவிட்டது. பின்னாலிருந்து தம்பி, "அக்கா, ஒரு நிமிஷம், ஷூ லேஸ் அவுந்திருக்கு" என்றான். "அப்புறம் கட்டிக்கலாம்டா. போலாம், ரைட்!" என்றாள் அவள். பதினேழு அடி போயிருப்பார்கள். சந்து முனையில் குண்டு விழுந்தது.

இடது பின் மூலை சாயவில்லை. அவன் முதலில் முழங்காலை ஊன்றினான், கைப்பிடியைத் தரையில் வைத்தான், அதற்குப் பிறகுதான் விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார்.

ஒரு லேஸ் கட்ட எத்தனை நொடி ஆகும் என்று அவள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தன் காலிலேயே கட்டிப் பார்த்திருக்கிறாள். எட்டு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள். பெயிண்டருக்குத்தான் முடியவில்லை, அவரைத்தான் சேர்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கு மூன்று தடவை நடந்தாள். மூன்றாவது தடவை புதிதாக ஓர் ஆணை வந்திருந்தது: சிப்பாய் அல்லாத தொண்டர்களையும் சேர்க்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும், இந்த மாதத்தோடு பதிவு முடிகிறது. கடைசி விசாரணை நாளுக்குப் பெயிண்டரைக் குளியலறையிலிருந்து கிளப்பிக் கூட்டி வருவதற்குள் அவளுக்கும் பி.டி. சாருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் பி.டி. சார் கதவுக்கு வெளியே நின்று, "யோவ், நீ வரலைன்னா நான் உள்ள வந்து உக்காருவேன். என் சைஸுக்கு அப்புறம் உனக்கு இடம் இருக்காது" என்றதும்தான் தாழ்ப்பாள் திறந்தது.

விசாரணை இரண்டாவது மாடியில். நீள வராந்தா. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் முப்பதுக்கு மேல் ஆட்கள், எல்லோரும் இதே வகை. முகம் தெரியாத, பெயர் தெரியாத தொண்டர்கள். எல்லோர் மடியிலும் அதே காலிக் கட்டங்கள் உள்ள படிவம். அறைக்குள் மேஜைக்குப் பின்னால் பதிவு அதிகாரி, அவருக்கு ஒரு பக்கம் எலும்பு டாக்டர், மறுபக்கம் மனநல ஆலோசகர். ஆலோசகர் அதிகம் பேசாத அம்மாள். ஜன்னல் கதவு படபடத்ததும் பெயிண்டர் திடுக்கிட்டதைப் பார்த்து, எழுந்து போய் அதற்கு ஒரு காகிதத்தை மடித்து முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதிகாரி கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். கத்த முடியவில்லை.

"அம்மா, நான் உங்கள நம்பறேன். என்னை யாரு நம்புவா? எதை வெச்சு சேர்த்தேன்னு மேல கேப்பாங்க. ஒரு லிஸ்ட், ஒரு போட்டோ, ஒரு அடையாள அட்டை, ஏதாவது ஒண்ணு..."

"சார், அன்னிக்குப் பேர எழுதினா உயிருக்கு ஆபத்து. இன்னிக்குப் பேர எழுதாதது தப்பு. எப்பதான் சார் எழுதணும் நாங்க?"

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"நீங்க சொல்லல. உங்க நாற்காலி சொல்லுது."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து வந்தார். கண்டக்டரம்மாவின் இடது தோளையும் பெயிண்டரின் வலது தோளையும் அழுத்திப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் பட்டை மாட்டித் தழும்பேறிய இடம் இரண்டிலும் கட்டியாக இருந்தது. "சார், இது ஒரே மாதிரி வேலை செஞ்ச தோள்" என்றார்.

"மூட்டை தூக்கறவங்களுக்கும் இப்படித்தானே டாக்டர் இருக்கும்?" என்றார் அதிகாரி. படிவத்தை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

அந்தக் காகிதம் மேஜையில் உரசி நகர்ந்து வருவதைப் பார்த்தாள். திரும்பிப் பெயிண்டரைப் பார்த்தாள். அவர் கண் கதவின்மேல் இருந்தது. இன்று இப்படியே வீட்டுக்குப் போனால் நேரே அந்த ஸ்டூலுக்குத்தான் போவார், இனி எந்தப் பி.டி. சாராலும் அந்தத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மேஜையில் அதிகாரியின் தண்ணீர் டம்ளர் இருந்தது.

"சார்," என்றாள். "ஒரு ஸ்ட்ரெச்சர் வேணும். சக்கரம் இல்லாதது. உங்க ஆஸ்பத்திரி ஆளுங்க நாலு பேர் வேணும். அப்புறம் இந்த டம்ளர்."

"எதுக்கு?"

"படுக்கறதுக்கு ஒரு ஆளும் வேணும். நீங்களே படுத்துருங்க. டம்ளர் நெறய தண்ணி ஊத்தி உங்க நெஞ்சு மேல வெக்கறேன். அதுக்கப்புறம் நீங்க எங்கள நம்ப வேண்டாம், உங்க சட்டைய நம்புங்க."

"நல்லா இருக்கே கூத்து! நான் எதுக்கும்மா..."

"படுங்க சார்," என்றார் டாக்டர். "ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க?"

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் வந்து இறங்கியதும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்து, டையை நேராக்கிக்கொண்டு, போட்டோவுக்குப் படுப்பதுபோலப் படுத்தார். நெஞ்சின்மேல் டம்ளரை அவள் வைத்தாள். விளிம்பு வரை தண்ணீர்.

முதலில் ஆஸ்பத்திரி ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். நல்ல வாட்டசாட்டமான ஆட்கள். ஒரே தாளத்தில், ஒரே காலை வைத்து, அழகாக நடந்தார்கள். ஆறாவது அடியில் டை நனைந்தது. படிக்கட்டில் இரண்டாவது படியில் டம்ளர் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. "போதும், போதும், இறக்குங்கப்பா!" என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து அதிகாரியின் குரல் வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பி.டி. சார் பெருமூச்சோடு. "நான் வளத்த பசங்க மாதிரியே நடக்கறாங்க."

டம்ளரை மறுபடி நிரப்பினார்கள். மூன்று பேரும் அவரவர் மூலைக்குப் போய்க் குனிந்தார்கள். அப்போதுதான் அவள் பின்னால் பார்த்தாள்.

இடது பின் மூலை காலி.

மூன்று வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் டம்ளரைப் பற்றி யோசித்த வேகத்தில், நாலாவது ஆளைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. அவள் மனசில் எப்போதும்போல நாலு பேர் இருந்தார்கள்.

"மூணு பேர் எப்படிம்மா தூக்குவீங்க?" என்று படுத்தபடியே கேட்டார் அதிகாரி. ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் கை கொடுக்க வந்தான். அவன் ஒரு காலை வைத்தாலே தண்ணீர் போய்விடும்.

பெஞ்சுகளின் கோடியிலிருந்து ஒரு பெண் படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். நல்ல உடம்பு, முழங்கை வரை மாவு பட்டுப் பட்டு வெடித்த தோல். "நான் பேக்கரியில வேலை பாக்கறவ. எந்த மூலை?"

"இடது பின்."

"நான் எங்க குழுவுல வலது முன். பரவால்ல, ரெண்டுக்கும் இடது கால்தானே?" என்று கேட்டுக்கொண்டே பட்டையைத் தோளில் மாட்டினாள்.

கண்டக்டரம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. இது இவளுக்கு எப்படித் தெரியும்? பேக்கரிக்காரியின் செருப்பைப் பார்த்தாள். இடது செருப்பின் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி. "பாக்காதீங்க, மாவுதான்" என்றாள் அவள் கொஞ்சம் வெட்கத்தோடு. "அழிஞ்சா மறுபடி வெச்சுக்குவேன். பழகிப்போச்சு." பெயிண்டர் தலையைத் திருப்பி அந்தப் புள்ளியையே பார்த்தார். அவருடைய மனைவியின் ஒவ்வொரு புதுச் செருப்பிலும் இன்றுவரை இதே புள்ளியை வைக்கிறவர் அவர். இந்த மூன்று வருஷத்தில் அவர் செய்த பெயிண்ட் வேலை அது ஒன்றுதான்.

கைப்பிடியைப் பிடித்ததும் பெயிண்டரின் கை நடுங்கிய நடுக்கத்தில் ஸ்ட்ரெச்சரின் இரும்பு கடகடவென்று ஆடியது. டாக்டர் ஓரடி முன்னால் வந்தார். "கனம் ஏறட்டும் டாக்டர்," என்றார் பி.டி. சார். தூக்கினார்கள். கனம் கைக்கு வந்ததும், யாரோ பொத்தானை அழுத்தியதுபோல, அந்தக் கை நின்றுவிட்டது. ஆலோசகர் அதைப் பார்த்தார். தன் நோட்டில் ஏதோ எழுதினார்.

நாலு பேரும் நின்றார்கள். தண்ணீர் நின்றது. இனி ஒரு வார்த்தை வர வேண்டும்.

வரவில்லை.

விசில் யூனிஃபார்ம் சட்டையில் இருந்தது, யூனிஃபார்ம் வீட்டில் இருந்தது. பின்னாலிருந்து யாரோ லேஸ் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்போல அவளுக்கு முதுகு குறுகுறுத்தது.

"என்னக்கா நிக்கறீங்க?" என்றாள் பேக்கரிக்காரி. "கை வலிக்குதுல்ல? 'போலாம், ரைட்' சொல்லுங்க. அதச் சொல்லாம எனக்குக் காலே வராது."

கண்டக்டரம்மா கழுத்தை மட்டும் திருப்பினாள். "அத உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"ஒரு வாட்ச் கடைக்காரப் பையன். ஒல்லியா, ஒரு கண்ண சுருக்கிக்கிட்டு. நாங்க பால் டிப்போவுல இருந்தோம். புதன்கிழமை புதன்கிழமை வருவான், ஒரு டம்ளரும் கையுமா. கால மாத்தி வெக்கச் சொல்லிக்குடுத்தான். கால விட அந்த வார்த்தைதான் முக்கியம்னுவான். 'எங்கக்கா கண்டக்டர், அவ சொன்னா பஸ்ஸே நகரும், நீங்க நகர மாட்டீங்களா'ன்னு கேப்பான். நான்தான் எங்க குழுவுல கத்துவேன். அந்த வார்த்தைய சொல்லிச் சொல்லித்தான் இருநூத்திப் பதினாலு பேர கொண்டுபோய்ச் சேர்த்தோம்."

"எங்களுக்கும் அவர்தான்," என்றது பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு குரல். "ரயில்வே ஷெட்டுல." "எங்களுக்கும்," என்றது இன்னொன்று.

புதன்கிழமைகளில் இரண்டு மணி நேரம் தம்பி காணாமல் போவான். எங்கேடா என்றால், கடையைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பான். இடிந்த கடையில் என்னடா பார்க்கிறாய் என்று அவள் திட்டியிருக்கிறாள்.

இருநூற்றுப் பதினாலு பேர். அது ஒரு குழு மட்டும். அந்த மரக்கடைச் சந்தோடு முடிந்துபோனதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த வார்த்தை, அவளுக்குத் தெரியாமலே எத்தனை சந்துகளில், எத்தனை வாய்களில் புகுந்து, எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது!

அவள் முகத்தை முன்னால் திருப்பினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை, வழியட்டும் என்று விட்டாள். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

"போலாம்... ரைட்!"

இரண்டு மாடிக்கும் கேட்டது. கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் மேலே பார்த்தார்கள். இரண்டு இடது கால்களும் இரண்டு வலது கால்களும் ஒன்றாக எழுந்தன. பார்க்கிறவர்களுக்கு அது நடை மாதிரியே இருக்காது, நாலு பேரும் நாலு திசைக்குக் கிளம்பியதுபோல இருக்கும். ஆனால் நடுவில் இருந்த ஆள் ஆற்றில் மிதக்கிற இலைபோலப் போனார். படிக்கட்டு வந்ததும் சொல்லாமலே முன்னால் இருந்த இரண்டு பேரும் கைப்பிடியைத் தோளுக்கு உயர்த்தினார்கள், பின்னால் இருந்தவர்கள் இடுப்புக்கும் கீழே இறக்கினார்கள்.

"சார், மூச்சு விடுங்க," என்றார் பி.டி. சார் இளைத்துக்கொண்டே. "இல்லேன்னா ஆள் போயிட்டார்னு கீழ வேற ரூமுக்குக் கொண்டுபோகச் சொல்லிருவாங்க."

"சிரிக்க வெக்காதீங்க, சிந்திரும்!" என்றார் அதிகாரி, உதட்டை அசைக்காமல்.

கீழே போனார்கள், திரும்பி மேலே வந்தார்கள். இறக்கி வைத்தபோது இடது பின் மூலைதான் கடைசியாகத் தரையைத் தொட்டது. அதிகாரி டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விளிம்பு வரை தண்ணீர். பழைய ஈரம் டையில் இருந்தது, புது ஈரம் எங்கேயும் இல்லை. வராந்தாவில் யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குப் பெயிண்டர் குனியவில்லை. கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார்.

அதிகாரி அங்கேயே, ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தபடி, படிவத்தை முழங்காலில் வைத்து 'ஆதாரம்' என்ற கட்டத்தில் எழுதினார்: "தூக்கிக் காட்டினார்கள். தண்ணீர் சிந்தவில்லை. படுத்திருந்தவன் நான்." கையெழுத்துப் போட்டார்.

பிறகு டையை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துவிட்டு மறுபடியும் படுத்தார். "அடுத்த குழு வரலாம்."

அன்று சாயந்தரத்துக்குள் அவரைப் பதினொரு தடவை தூக்கினார்கள். நாலு பேரும் முழுசாக வந்த குழு இரண்டோ மூன்றோதான். மற்றவற்றில் ஒரு மூலையோ இரண்டு மூலையோ காலி. காலியான மூலைக்கு வேறு குழுவிலிருந்து யாராவது வந்து, எந்தக் கால் என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றார்கள். பேக்கரிக்காரி ஆறு தடவை நின்றாள். நடுவில் இரண்டு பேர் மூன்றாவது அடியிலேயே சிந்திவிட்டு, யாரும் ஒன்றும் கேட்காமலே படிவத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ஒன்பதாவது தடவை அதிகாரி லேசாகக் குறட்டை விட்டதாகப் பி.டி. சார் சத்தியம் செய்வார். அதிகாரி மறுக்கிறார்.

'தளபதி பெயர்' என்ற கட்டத்துக்கு வந்தபோது ஒவ்வொரு குழுவும் ஒரே ஆளைத்தான் சொன்னது. அதிகாரிக்கு வேறு வழியில்லை. அவருடைய ஆபீஸ் பாஷையில், முப்பதுக்கு மேற்பட்ட படிவங்களில், "கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்" என்று எழுதி முத்திரை குத்தினார். முத்திரை விழுகிற சத்தத்தைக் கண்டக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த ராணுவத்திலும் அவனுக்கு அந்த வயசில் இத்தனை பெரிய படை கிடைத்திருக்காது.

கடைசியில் ஆலோசகர் அவளிடம் வந்தார். "உங்க வீட்டுக்காரருக்குத் திங்கட்கிழமை பத்து மணி. கையில ஏதாவது கனமா குடுத்துத்தான் பேச ஆரம்பிக்கப் போறேன். உங்களுக்கு எப்ப போடட்டும்?"

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"தூக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்களே, அந்த வார்த்தை வராம. அதப் பத்திப் பேசலாமான்னு கேட்டேன்."

அவள் செருப்பைப் பார்த்தாள். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே, "எட்டு நொடி" என்றாள். "லேஸ் கட்ட எட்டு நொடிதான் ஆயிருக்கும்."

"இருபது," என்றார் பக்கத்தில் இருந்த பெயிண்டர்.

அவள் திரும்பினாள்.

"உன் தம்பி ரெட்டை முடிச்சுப் போடுவான். மெதுவா. வாட்ச்காரன் இல்லையா?" அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. "நானும்தான் எண்ணிப் பாத்துட்டிருக்கேன், உள்ள உக்காந்து."

ஒரே வீட்டில், ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருவருமாக, மூன்று வருஷம் அதே நொடிகளை எண்ணியிருக்கிறார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது நடுங்கியது. அவளுடையதும்தான்.

"ரெண்டு பேருக்கும் பத்து மணியே போடுங்கம்மா," என்றாள் ஆலோசகரிடம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து வண்டி அவளுடைய டூட்டி. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ள மாற்று ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். பெயிண்டர் படிக்குப் பக்கத்து சீட்டில், மடியில் கனமான ஒரு பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி பள்ளத்தில் விழுந்தபோது தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் இடத்தை விட்டு எழவில்லை. அடுத்த ஸ்டாப்பில் பி.டி. சார் ஏறினார்.

"டிக்கெட் சார்?"

சட்டைப்பையிலிருந்து புது அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "போர்ச் சேவையாளர்மா. முத்திரை பாத்தியா?"

"அது ஆஸ்பத்திரிக்கு. பஸ்ஸுக்கு இல்ல. எடுங்க, எடுங்க. ஒரு ஆளுக்கு எடுத்துட்டு ரெண்டு சீட்ல உக்காரப் போறீங்க, அதையே நான் கேக்கல."

வண்டி முழுக்கச் சிரித்தது. பெயிண்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே அவள் விசிலை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். பிறகு கீழே விட்டாள்.

"போலாம், ரைட்!"

டிரைவர் திடுக்கிட்டு கிளட்சை விட்டதில் வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. அவர் சீட்டில் முழுசாகத் திரும்பி, "யாரு அது?" என்றார்.

"நான்தான்யா. காது கேக்கலையா?" என்றாள் கண்டக்டரம்மா. "எடு வண்டிய. பத்து மணிக்கு எங்களுக்கு வேலை இருக்கு."